தென்னந்தோப்பைச் சுற்றிய என்ஜின்

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்பார்கள். நான் வாழ்க்கைப்பட்டது ராஜையனுக்கு. அவர் வாழ்க்கைப்பட்டதோ ஒரு நீராவி என்ஜினுக்கு. அப்படியென்றால் இந்தக் குளோரி எந்த மரத்தில் ஏறவேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

இரணியல் பக்கம் ஒரு முதலாளி தென்னந்தோப்புக்குள் விடுதி கட்டினார். வடக்கே ஏதோ சர்க்கரை ஆலையில் ஐம்பது வருஷம் கரும்பு இழுத்துவிட்டுத் துருப்பிடித்துக் கிடந்த குட்டி என்ஜினை 2005இல் வாங்கி லாரியில் கொண்டுவந்தார். தோப்பைச் சுற்றி வட்டமாகத் தண்டவாளம் போட்டார். ஊர் ஊராகக் கரும்புக்காட்டுக்குப் போய்வந்த வண்டி, இங்கே கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. விருந்தாளிகளின் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதற்குத் தீ மூட்டினால் பாய்லர் சர்டிபிகேட் உள்ள ஆள் கூடவே நிற்கவேண்டும். என் வீட்டுக்காரரிடம் அது இருந்தது. முந்திரி ஆலையில் பாய்லர் பார்த்தவர். அங்கேதான் ஒரு கால் வெந்து நொண்டியானதும். ஆலையைப் பூட்டியதும் சும்மா இருந்தவரை முதலாளி கூப்பிட்டார். நானும் சந்தோஷமாக அனுப்பிவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்!

ஞாயிறும் பண்டிகையும் வண்டி ஓடும். விடியும்முன்னே தண்ணீர் நிரப்பி, தேங்காய்ச் சிரட்டையும் விறகும் பற்றவைத்து, பிறகு நிலக்கரி அள்ளிப்போடுவார். நானும் மகன் அனிஷும் மட்டும் ஆராதனைக்குப் போவோம். அவருக்குக் கிறிஸ்துமஸுக்கும் கரிச்சட்டை, ஈஸ்டருக்கும் கரிச்சட்டை. வேலையை விடச் சொன்னால், "இந்தக் காலோட வேற ஆரு எனக்கு வேலை தருவா?" என்பார். லீவு கேட்டாலோ, "இன்னொரு சர்டிபிகேட் ஆளைக் கொண்டுவா ராஜையா, தாராளமா போ" என்பார் முதலாளி. அப்படிப்பட்டவர்கள் எல்லாம் மஸ்கட்டுக்குப் போய் வருஷமாயிற்று.

2011 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவருடைய அண்ணன் டைட்டஸ் நெய்யூர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தார். தம்பியைப் பார்க்கவேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஆட்டோ பிடித்துத் தோப்புக்கு ஓடினேன். என்ஜினுக்குப் பின்னால் பெட்டிகள் நிறையப் பிள்ளைகள்.

"அண்ணன் உங்களத்தான் கேக்குதாரு. ஆட்டோவில ஏறுங்க!"

"தீ கெடக்குல்லா குளோரி. தண்ணி எறங்கினா பாய்லர் வெடிச்சிரும். எப்பிடி விட்டுட்டு வருவேன்?"

"தீய வாரி வெளிய போடுங்க!"

"முதலாளி நிக்காரு. இந்த ஒரு சுற்று முடியட்டும்."

ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த கூட்டம் ஏறிற்று. தீ அணைந்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணனின் முகத்தை மூடியிருந்தார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். "நீங்க மனுசனா, இல்ல அந்த என்ஜினுக்க ஒரு சக்கரமா?" அவர் தோளில் கிடந்த துவர்த்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அனிஷ் கேட்டுக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் விடியற்காலம் அவனும் தீ மூட்டப் போனான். மணி அடிப்பதற்குள் சபைக்கு ஓடிவந்துவிடுவான். ஏதோ அப்பன்மேல் இரக்கம் என்றிருந்தேன். 2014இல்தான் விஷயம் தெரிந்தது. பரீட்சை எழுதி அவனும் சர்டிபிகேட் வாங்கிவிட்டான்.

"அப்பா, இனி நீங்க போண்டாம். நான் நிக்கேன்."

பெற்ற பிள்ளையை அந்த இரும்புக்குக் கொடுக்க எனக்கு மனசு வருமா? வரவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு அப்பன், மறு ஞாயிறு மகன் என்று வைத்துக்கொண்டால் பாதி ஞாயிறாவது அவர் சபையில் என் பக்கத்தில் உட்காருவாரே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மூன்று பேருமாக முதலாளியைப் பார்க்கப் போனோம்.

முதலாளி அனிஷின் சர்டிபிகேட்டை வாசித்தார். முகமெல்லாம் சிரிப்பு. எங்களுக்குச் சாயா கொண்டுவரச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு ராஜையா! ஒத்த ஆளாச்சேண்ணுதான் ஞாயிறும் பண்டிகையும் மட்டும் ஓட்டினோம். இனி அப்பனும் மகனுமா தினமும் ஓட்டலாம். ஞாயிறு கூட்டம் கூடும், ரெண்டு பேரும் வந்திருங்க."

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அனிஷ் சாயாவைக் குடிக்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த ஞாயிறு விடியும்முன்னே எழுந்து, இரண்டு பேருக்கும் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, ஆராதனைக்கு நான் தனியாகப் போனேன்.