பாகல் விதை விற்றவர்

அன்று இரும்புலியூரில் அந்தத் தள்ளுவண்டி அருகே நான்கு பேர் இருந்தோம்: நான், என் தங்கை, விதைக்காரர், வெண்டை விதை வாங்க வந்த ஒரு சார். விதைக்காரர் ஒல்லியானவர். எந்த விதையையும் உள்ளங்கையில் கொட்டி, இரண்டு முறை ஊதிவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார்.

“பத்து நாளாச்சு, உங்க பாகல் ஒண்ணுகூட முளைக்கல. செத்த விதையைக் குடுத்து ஏமாத்துறீங்களா?” என்று கத்தினேன்.

“தோலு கெட்டிக்கா. உள்ள தூங்கிக்கினு கீது, ஊறி எழுந்துக்க நாளாவும். நடுவுல தோண்டிப் பாத்தியா இன்னா?”

“நான் ஏன் தோண்டப்போறேன்?”

அவர் என் விரல்களைப் பார்த்தார். நக இடுக்கில் மண் இருந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். தினமும் காலையில் கிளறிப் பார்த்திருந்தேன். தங்கை தலைகுனிந்துகொண்டாள். அந்த சார் அறுபது ரூபாய்க்கு எடுத்த பொட்டலங்களை வண்டியிலேயே வைத்துவிட்டு நடந்தார். விதைக்காரர் என் நாற்பது ரூபாயைத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் பாகல் தொட்டியை மாடி மூலையில் தள்ளிவிட்டேன். அங்கே நான் தொடாத ஒரே வாரத்தில், ஆறு விதைகளில் ஐந்து தோலைத் தொப்பிபோல் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றன.

பணத்தோடு போனேன். வண்டியைச் சுற்றிக் கூட்டம்.

“இன்னாக்கா, முளைச்சுதா?” என்று அவரே கேட்டார்.

“இல்லை” என்றுதான் வாயில் வந்தது.

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு பொட்டலம் பாகலைக் கையில் வைத்தார், காசு வாங்கவில்லை. என்னை நம்பினாரா, தெரிந்தேதான் கொடுத்தாரா, இன்றுவரை புரியவில்லை.

திருப்பி வாங்கிய நாற்பது, அந்த சார் வாங்காமல் போன அறுபது, பிறகு சும்மா தந்த பொட்டலத்துக்கு ஒரு நாற்பது. நூற்று நாற்பது ரூபாய் இன்னும் கொடுக்கவில்லை.