புது குக்கரில் செய்த சாமை பிரியாணி

ராயபுரத்தில், துறைமுகத்துச் சரக்குக்கு ஆவணங்கள் தயார் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் ஆளுக்கொரு பதார்த்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவோம். பாட்லக் என்று பெயர். யார் எது கொண்டுவருவது, யாருக்கு எது ஆகாது என்று கேட்டுப் பட்டியல் போடுவது என் பக்கத்து இருக்கைத் தோழி. ஆறு வருடமாக ஒரே டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

கணக்குப் பார்க்கும் சார் சைவம், சர்க்கரை வேறு. போன முறை எல்லாரும் பிரியாணி சாப்பிட, அவர் மட்டும் ஓரமாக மோர் குடித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இந்த முறை சாமையில் காய்கறி பிரியாணி செய்தேன். எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் மாட்டுக்கறி. அதனால் புது குக்கரே வாங்கினேன். தோழியிடம் மட்டும் சொன்னேன்.

"சூப்பர்டி, சார் குஷியாய்டுவாரு" என்றாள்.

அன்றைக்கு மேசையில் வஞ்சிரம் வறுவலிலிருந்து சுண்டல் வரை எல்லாம் காலியானது. என் குக்கரில் கரண்டி வைத்தது வைத்தபடி இருந்தது. நானே எடுத்துக்கொண்டுபோய்ப் பரிமாறப் போனேன். சார் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தார்.

"வேணாம்மா, வயிறு சரியில்ல."

அடுத்த நிமிடம் சுண்டல் போட்டுக்கொண்டார். கை கழுவுமிடத்தில் அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. உங்க வீட்ல மாடு சமைக்கிற பாத்திரம்னு உன் ஃப்ரெண்டுதான் சொன்னாங்க. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சாங்க போல."

எனக்குக் காது சூடானது. நேராக அவளிடம் போனேன்.

"இன்னாடி சொன்ன சார்கிட்ட?"

"கேட்டாரு, சொன்னேன். டயட்ல கீறவங்களுக்கு உண்மைய சொல்லணும்ல?"

"புது குக்கர்னு உன்கிட்ட சொன்னனே."

"மறந்துட்டேன், வுடு." போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டு வருடம் முன்பு புளியந்தோப்பில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் அம்மா செய்த மாட்டுக்கறி வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "எங்க வூட்ல தெரிஞ்சா அவ்ளோதான், ஆர்கிட்டயும் சொல்லாதடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை.

அது இப்போது நாக்கு நுனியில் வந்து நின்றது. எல்லாரும் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஆனால் மாட்டுக்கறி தின்றாள் என்பதை ஒரு குற்றம்போல நான் சொன்னால், அவள் சொன்னதையே நானும் சொன்னதாகிவிடும். என் அம்மா ஆசையாகப் போட்ட சோறு அது. வாயை மூடிக்கொண்டேன். பாத்ரூமில் போய் அழுதேன். குக்கரை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தபோது, காலையில் இருந்த கனம் குறையவே இல்லை.

திங்கட்கிழமை மதியம், ஒன்றும் நடக்காததுபோல அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, "இன்னா கொழம்பு?" என்று கேட்டாள்.

"நான் சாப்ட்டேன்" என்றேன். டப்பா திறக்காமல் மேசைமேல் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

அடுத்த பொங்கலுக்கும் பட்டியல் வந்தது. என் பெயருக்கு நேராக வாழைப்பழம் என்று எழுதினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.