பெயரில்லாத தாளில் ஒரு தோல் துண்டு

ஆம்பூரில் எங்கள் தோல் ஃபேக்டரியில் ஸ்டேப்ளர் இல்லாத மேசையே கிடையாது. எந்தத் தாள் எங்கே போனாலும் சம்பந்தப்பட்ட தோலில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, மூலையில் பின் அடித்துத்தான் அனுப்புவோம். நிறம் சரியில்லை என்று எழுதினாலும் துண்டு, சரி என்று எழுதினாலும் துண்டு. வெறும் எழுத்தை இங்கே எவனும் நம்பமாட்டான். இருபது வருஷமாக லேப்பில் இதையே செய்து செய்து என் கை தானாகப் போகும். அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

விமான இருக்கைகளுக்குப் போகும் தோல் எங்களுடையது. ஃபேக்டரியை விட்டுப் போகும் முன் அதைக் கொளுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பட்டை வெட்டி, இரும்புப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, அடியில் தீ காட்டி எடுப்போம். தீயை எடுத்ததும் தோல் அணைந்துவிட வேண்டும். ஆகாயத்தில் தீப்பிடித்தால் கதவைத் திறந்து ஓட முடியாதே, அதற்குத்தான். இந்தப் பட்டையை எப்போதும் முதுகுப் பக்கத்தில்தான் வெட்டுவோம். தோலிலேயே கெட்டியான இடம் அது. சாம்பிள் என்றால் நல்ல இடத்தில் வெட்டு என்பது ஷூ தோல் காலத்திலிருந்து வந்த பழக்கம். அதில் ஒரு தப்பு இருக்கும் என்று நான் கனவில்கூட நினைக்கவில்லை.

நினைத்தவள் என்னோடு லேப்பில் இருந்தவள். ஜோலார்பேட்டையிலிருந்து தினம் ரயிலில் வருவாள். புருஷனுக்குப் பக்கவாதம், படுக்கையை விட்டு எழ முடியாது. வீடு மொத்தமும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தது. ஒருநாள் மத்தியானம் சும்மா இருக்கமாட்டாமல் அடிவயிற்றுப் பக்கத்தில் ஒரு பட்டை வெட்டிக் கொளுத்தியிருக்கிறாள்.

"அக்கா, இங்க வாயேன். தீயை எடுத்துட்டேன், இன்னும் எரியுது பாரு."

பார்த்தேன். மேலே கிளிப் வரைக்கும் எரிந்து கருகியது. இன்னும் இரண்டு பட்டை கொளுத்தினோம். அதுவும் அப்படியே. அந்த இடத்துத் தோலும்தான் இருக்கைக்குப் போகிறது. மேனேஜரிடம் அவள்தான் போனாள். நான் போகவில்லை, கை வேலையாக இருப்பதுபோல் நின்றேன்.

"பெல்லியில யாரும்மா வெட்டச் சொன்னது? லாரி நிக்குது, பேஜார் பண்ணாத" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் இருக்கை உறை தைக்கும் கம்பெனி, தோல் கொடுக்கும் எங்கள் நாலு ஃபேக்டரிகளையும் ஒன்றாகக் கூப்பிட்டுக் கூட்டம் போட ஆரம்பித்திருந்தது. அங்கிருந்து வந்தவர் நல்ல மனுஷர். "விமானம் ஓட்றவங்க தன் தப்பைத் தானே எழுதித் தர்றாங்க. யாரும் தண்டிக்கிறதில்ல. அதனாலதான் அடுத்தவன் அதே தப்பைப் பண்றதில்ல. நீங்களும் எழுதுங்க. யாருன்னு வேணாம், இன்னா நடந்துச்சுன்னு மட்டும் போதும்" என்றார். பெயர் எழுதாத தாள்களைப் போட ஒரு பெட்டி வைத்தார். முதல் கூட்டத்தில் பெட்டியில் என்ன இருந்தது தெரியுமா? தரை ஈரம், ஒருத்தர் வழுக்கினார். அதையும் பாவம், அவர் சிரத்தையாகப் படித்தார்.

இரண்டாவது கூட்டத்துக்கு முன்னால் நான்தான் அவளை உசுப்பிவிட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி.

"எழுதுடி. பேரில்ல, ஊரில்ல. எவனுக்குத் தெரியப்போவுது?"

"வேலை போச்சுன்னா அவருக்கு மருந்து யாருக்கா வாங்குவா?"

"நான் இருக்கேன்ல?"

எழுதினாள். கையெழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அவ்வளவு ஜாக்கிரதை. பெட்டியில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான் வாங்கிப் படித்தேன். மேசையில் கிடந்த துண்டை மூலையில் வைத்தேன். பின் அடித்தேன். அடித்ததே எனக்கு உறைக்கவில்லை.

கூட்டத்துக்கு மேனேஜரோடு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். அந்தத் தாளைப் படித்ததும் ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். தாள் கை மாறிக் கை மாறி வந்தது. வேறொரு ஃபேக்டரியில் முப்பது வருஷம் தோல் தரம் பிரித்த பாய் ஒருத்தர், கண்ணாடிகூடப் போடாமல், துண்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். முகம் மலர்ந்துபோயிற்று.

"மாஷா அல்லாஹ், இன்னா டச்! இது உங்க மால்தானே?" என்றார் எங்கள் மேனேஜரைப் பார்த்து.

சத்தியமாகப் பாராட்டத்தான் சொன்னார். "யாருன்னு பேசக்கூடாது, பேசக்கூடாது" என்று கூட்டம் நடத்தியவர் பதறிக்கொண்டு எழுந்தார். யார் காதில் வாங்கினார்கள்? மேனேஜர் துண்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பின் அடித்தது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எழுதச் சொன்னதும் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேசுகிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. சீ, என்ன ஜென்மம் நான்!

யாரும் அவளைத் திட்டவில்லை. லேப்பில் ஆள் ஜாஸ்தி என்றார்கள், அவ்வளவுதான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மருந்துக்கு என்று நான் இரண்டு தடவை போய் நின்றேன். "வேணாங்க்கா" என்று சொல்லி, டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அப்புறம் எனக்குப் போக முகமில்லை.

அடுத்த கூட்டத்தில் பெட்டியைத் திறந்தார்கள். எல்லாம் ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாள். நான் போட்டதும் வெள்ளைத் தாள்தான். கூட்டம் நடத்தியவர் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு கூட்டமே போடவில்லை.

போன மாசம் அவள் போன் பண்ணினாள். வாணியம்பாடியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம், நாள் முழுக்க நிற்பதில் கால் வீங்கிவிடுகிறதாம். அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்படியேதான் என்றாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, இப்பல்லாம் அடிவயித்துலயும் வெட்டிப் பாக்குறாங்களா?"

"பாக்குறோம்மா. இப்போ ரூலே அதான்."

"நெஜமாவா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்போ சரிக்கா. என் வேலை போனது வீணாப் போகல."

அன்று காலை ஐந்து பட்டை வெட்டியிருந்தேன். ஐந்தும் முதுகில். பாஸ் என்று எழுதி, மூலையில் துண்டு வைத்துப் பின் அடித்துவிட்டுத்தான் அவள் போனை எடுத்திருந்தேன்.