பக்கத்து இருக்கையின் பிரேக்

கார் ஓட்டக் கற்பிப்பவரின் வண்டியில் பிரேக் பெடல் இரண்டு உண்டு. ஒன்று ஓட்டுபவரின் காலடியில்; மற்றொன்று பக்கத்து இருக்கையில் அமர்ந்து கற்பிப்பவரின் காலடியில். இரண்டையும் ஓர் இரும்புத் தண்டு இணைத்திருக்கும். கற்பவர் மிதிக்க மறந்தால் கற்பிப்பவர் மிதித்து நிறுத்தலாம். அந்த இரண்டாம் பெடலின் துணையோடுதான் அக்கா ஒரு டிரைவிங் ஸ்கூலை நடத்திவந்தார். தலை நரைத்த பெரியவர்களும் அவரிடம் கற்கத் தொடங்கிய மறுநாளே ‘அக்கா’ என்று அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். உயிரை ஒப்படைத்தபின் வயதுக் கணக்கு எதற்கு?

முன்பு அவர் துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாக இருந்தவர். பகலெல்லாம் நின்று நின்று கால்கள் வீங்கிய அந்நாட்களில், “உட்கார்ந்து செய்யும் தொழில் ஒன்றை அருள்வாய்” என்று இறைவனை வேண்டினார். கேட்டதை மட்டும் அளந்து கொடுப்பவன் அல்லன் அவன். உட்காரும் தொழிலையும் கொடுத்தான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரும்படியும் செய்தான். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு நாள், அக்கா பக்கவாட்டுக் கண்ணாடியைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், கற்றுக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி யாரோ ஒருவர் வீட்டு வாசற்கதவில் போய் மோதினாள். ஒரு விளக்கும் இரண்டு பூந்தொட்டிகளும் உடைந்ததோடு அது போயிற்று. எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. அப்பெண் மறுவாரமே அதைச் சொல்லிச் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

பல்லாண்டு கழித்து அவருடைய காரைத் தீய்ந்த நாற்றம் ஒன்று பற்றியது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இந்த வண்டி வருமுன்னும் நாற்றம், போன பின்பும் நாற்றம். கடைசியில் அது லைசென்ஸ் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. அன்று தேர்வுக்கு வந்திருந்தவர் ஒரு தையற்காரர். ஊசியில் நூல் கோக்க நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் நடுங்கும். அவர் அக்காவுடன் வந்து மைதானத்தில் காரை நிறுத்தியதும் முன்சக்கரங்களிலிருந்து புகை எழுந்தது. தேர்வு அதிகாரி குனிந்து பார்த்தார்.

“இதுல யாருக்கும் டெஸ்ட் வைக்க முடியாதும்மா. பிரேக் எரியுது. சரிபண்ணி அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டுங்க. அன்னைக்கும் இப்படித்தான்னா ஸ்கூல் அனுமதியை நிறுத்த வேண்டிவரும்.”

அக்காவிடம் இருந்தது அந்த ஒரே கார். அது நின்றால் ஸ்கூல் நிற்கும்.

அக்காவின் கணவர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் கழற்றிப் பார்ப்பார்; நன்றாக ஓடினாலும் கழற்றிப் பார்ப்பார். காரின் எண்ணெய் மாற்றுவது, வடிகட்டி மாற்றுவது, பேட்டரி பார்ப்பது எல்லாம் அவர் கை. சக்கரத்தைக் கவ்விப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடுகளையும் சென்ற மாதம் அவரே, செல்பேசியில் பாடம் பார்த்து மாற்றியிருந்தார். செய்தி கேட்டதும் அவர் முகம் வாடிப்போனது.

“நான் மாத்தினதுல ஏதாவது தப்பா இருக்குமோ?”

“நீங்க மாத்தினது சரியாத்தாங்க இருக்கும். ஸ்க்ரூ ஒண்ணுகூட மிச்சமாகலையே.”

“அது நல்லதுதானே?”

“உங்க விஷயத்துல அதிசயம்.”

அவர் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். தடையின்றிச் சுழன்றன. கழற்றிப் பார்த்தால், புதிய பேடுகள் கருகிப்போய்க் கண்ணாடிபோல் மின்னின. கருகியதற்குக் காரணம் எதுவும் தென்படவில்லை. அவர் துணியில் கையைத் துடைத்தபடி எழுந்தார்.

“எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். இது மின்விசிறி இல்லை. நின்னா வேர்க்கும், அவ்வளவுதான்னு விட முடியாது. தெரிஞ்சவங்ககிட்டக் கொண்டுபோயிடலாம்.”

ஸ்பேனர் பிடித்த கை அதைக் கீழே வைக்க ஒப்புவது அரிது. அக்கா அதை அறிந்தவர். அவருக்குக் கைகழுவ நீர் ஊற்றினார்.

தெருமுனையிலேயே ஒரு தகரக் கொட்டகையில் மெக்கானிக் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் “பொறுங்க” என்பார். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. ஆனால் அவரிடம் போகக் கணவருக்குக் கூச்சம். முன்பொருமுறை அவர் வேலை செய்கையில் இவர் அருகில் நின்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். பொறுங்க ஸ்பேனரை இவர் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். ஆகவே கணவரும் மனைவியும் முதலில், ஊருக்கு ஊர் கிளை பரப்பிய பெரிய ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றனர்.

அங்கே கண்ணாடிச் சுவர்களும் மெத்தை நாற்காலிகளும் இருந்தன. எந்த வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் திரையொன்று காட்டிக்கொண்டே இருந்தது. சீருடை அணிந்த இளம்பெண் ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். காரை உருளைகள்மேல் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே அளந்தார்கள்; பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதியது நிரப்பினார்கள்; ஓட்டுநர் ஒருவர் நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். மாலையில் அந்தப் பெண் அவர்கள் எதிரில் வந்து அமர்ந்தாள்.

“மேடம், எங்க அளவுல வண்டியில கோளாறு எதுவும் இல்லை. பேடு கருகியிருக்கு, ஆனா சரியாத்தான் மாட்டியிருக்கு.”

கணவர் நிமிர்ந்து அமர்ந்தார்.

“அப்ப எரியறது எதனால?” என்றார் அக்கா.

“பேடை அழுத்துற கேலிப்பரை மாத்திப் பார்க்கலாம்னு நான் சொல்லலாம். ஆனா மாத்தினா நாற்றம் போகும்னு சொல்ல எனக்கு மனசு வரலை. எங்க ஆள் தனியா ஓட்டினப்போ சக்கரம் சூடாகவே இல்லை. நீங்க கத்துக்குடுக்கறப்போ ரெண்டு பேர் இருக்கீங்க இல்லையா. அப்ப என்ன நடக்குதுன்னு பக்கத்துல இருந்து பார்க்கறவங்க வேணும். எங்களுக்கு அதுக்கு வழி இல்லை, மேடம்.”

தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை எளிதில் வாய்ப்பதன்று. அக்கா அவள் கையைப் பற்றிக்கொண்டு, “நல்லா இரும்மா” என்றார்.

மறுநாள் காலை இருவரும் தகரக் கொட்டகைக்குச் சென்றனர். பொறுங்க ஒரு வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

“வாங்க அக்கா. அண்ணன் சொல்லிக்குடுக்க வந்தாரா, கேட்க வந்தாரா?”

“கேட்கத்தாம்ப்பா வந்தேன்” என்றார் கணவர்.

“அப்ப உட்காருங்க.”

நடந்தது முழுவதையும் கேட்டபின் பொறுங்க காதைச் சொறிந்தார். “உங்க வண்டி இந்தப் பக்கம் போறப்பல்லாம் பார்க்கறேன், பின்னாடி சிவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டே போகுது. மேட்டுல ஏறும்போதுகூட எரியுது. ஸ்விட்ச் கோளாறா இருக்கும்னு நினைச்சேன்.” பிரேக்கை மிதித்தால் எரிந்து, காலை எடுத்தால் அணையும் விளக்கு அது. ஸ்விட்சைப் பார்த்தார், பழுதில்லை. “பொறுங்க. வழக்கமா எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே யாரையாவது வச்சு ஓட்டிக் காட்டுங்க.”

தையற்காரர் வரவழைக்கப்பட்டார். அக்கா பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். கணவர் தம் ஸ்கூட்டரை எடுக்க, பொறுங்க பின்னால் ஏறிக்கொண்டார். தெருவில் நின்றவர்கள், காருக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஊர்வலம் போவதைக் கண்டு, ஏதோ தப்பிப்போகும் காரைத் துரத்துகிறார்கள் என்று எண்ணினார்கள். துரத்தப்படுவதும் நடந்து செல்லும் வேகத்தில்தான் போனது.

சுற்றி வந்து நிறுத்தியதும் பொறுங்க இறங்கி ஓட்டுநர் சன்னலருகே குனிந்தார்.

“தையற்காரரே, கிளம்பினதுலேர்ந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டேவா வந்தீங்க?”

“நான் எங்க மிதிச்சேன்? வண்டி நகரவே மாட்டேங்குதுன்னு ஆக்சிலரேட்டரை இல்ல அமுக்கிக்கிட்டு வந்தேன்.”

“லைட் ஒரு தடவைகூட அணையலையே.”

மூவரும் அக்காவைப் பார்த்தனர். அக்கா தம் காலடியைப் பார்த்தார். அவர் கால் இரண்டாம் பெடலின்மேல், கிளையில் அமர்ந்த பறவைபோல் மெல்ல அமர்ந்திருந்தது. காலை எடுத்துப் பார்த்தால், ஓட்டுபவர் பெடலின் ரப்பரில் வரிகள் இன்னும் தெளிவாக இருந்தன. அவருடைய பெடலின் ரப்பரோ தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது.

“நானா?” என்றார்.

உடைந்த பூந்தொட்டிகளின் நாள் தொட்டு அந்தக் கால் அங்கேதான் இருந்திருக்கிறது. முழுதாய் மிதிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. இடையே கற்றுச் சென்ற அத்தனை பேரும், அறியாமலே, அவர் அச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். தக்க நேரத்தில் பிரேக்கைத் தாமே மிதிக்கும் வாய்ப்பை அவர்களுள் எவருக்கும் அவர் முழுதாகத் தந்ததில்லை. வரவர அந்தக் கால் கனத்துக்கொண்டே வந்து இப்போது எரியத் தொடங்கியிருந்தது.

“வண்டிக்கு நோவு இல்லை அக்கா. பயம்தான். அதுக்கு என் கடையில ஸ்பேர் பார்ட் கிடையாது” என்றார் பொறுங்க.

“அப்ப பேடு நான் சரியாத்தான் மாத்தியிருக்கேன்” என்றார் கணவர். அக்காவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

கருகிய பேடுகளை மீண்டும் மாற்றியாக வேண்டும். யாரிடம் கொடுப்பது என்பதில் அக்காவுக்கு இப்போது குழப்பம் இல்லை. பேடுகளை மாற்றியவர் கணவரே, வீட்டு முற்றத்தில், எவர் யோசனையும் இன்றி. இரண்டாம் பெடலின் தண்டைச் சீராக்கி, கால் எடுத்ததும் தானே எழும்படி வலுவான ஸ்பிரிங் ஒன்றை மாட்டிக் கொடுத்தவர் பொறுங்க. பெரிய ஒர்க்‌ஷாப்பின் உருளைகள்மேல் ஏற்றி, நான்கு சக்கரமும் சமமாகப் பிடிக்கின்றனவென்று அளந்து சொன்னவள் அந்தச் சீருடைப் பெண். ஒரு காருக்கு மூன்று வைத்தியர். மூவருக்குள் சண்டை இல்லை. இஃது இறைவன் கருணை அன்றி வேறென்ன?

கால்தான் யாரிடமும் கொடுத்துச் சரிசெய்ய முடியாததாய் இருந்தது. அந்த வாரம் முழுவதும் அக்கா தம் காலோடு போராடினார். செருப்பைக் கழற்றி அமர்ந்து பார்த்தார். காலின்மேல் காலைப் போட்டுப் பார்த்தார். பேச்சு மும்முரத்தில் அது தானாகப் பெடலுக்குத் திரும்பிவிடும். ஸ்பிரிங் உந்தும், நாணத்தோடு இழுத்துக்கொள்வார்.

ஆய்வு நாளும் வந்தது. அதிகாரி பின்னிருக்கையில் ஏறிக்கொண்டு, “யாரை வச்சு வேணாலும் ஓட்டிக் காட்டுங்க” என்றார். ஓட்டியவர் தையற்காரர். அக்கா இரு கால்களையும் இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டார். கடைவீதி கடந்து ஓர் இறக்கத்தில் கார் சென்றபோது, ஒரு வீட்டு வாயிலிலிருந்து வேன் ஒன்று பின்னோக்கிச் சாலைக்குள் வந்தது. அக்காவின் கால் துள்ளியது. இருக்கையின் விளிம்பை இரு கைகளாலும் இறுகப் பற்றினார். நெஞ்சுக்குள் ஒரே ஒரு சொல்: காப்பாற்று.

கார் குலுங்காமல், இழுக்காமல், வேனுக்கு ஓர் ஆள் தூரத்தில் நின்றது.

“யார் மிதிச்சது?” என்றார் அதிகாரி.

“நான்தாங்க” என்ற தையற்காரருக்கே ஐயம் வந்துவிட்டது. “நான்தானே அக்கா?”

“நீங்கதான்.”

அதிகாரி இறங்கிப் புறங்கையைச் சக்கரத்தருகே வைத்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். “சூடு இல்லை. வண்டி சரியா இருக்கு. ஸ்கூலை நடத்துங்க.” பின்பு தையற்காரரை நோக்கி, “அன்னைக்கு நின்னுபோன டெஸ்டை இப்பவே முடிச்சிடலாமா?” என்றார்.

தையற்காரர் அக்காவைப் பார்த்தார்.

“வைங்க சார். நான் இறங்கிக்கறேன்” என்றார் அக்கா.

அவர் எழுந்த இடத்தில் அதிகாரி அமர்ந்து கதவைச் சாத்தினார். கார் புறப்பட்டது. இத்தனை காலமும் தம் கார் ஒரு மாணவருடன் போவதை வெளியே நின்று அவர் பார்த்ததில்லை. கணவரை, சீருடைப் பெண்ணை, பொறுங்கவை, கடைசியாகத் தக்க கணத்தில் மிதித்த தையற்காரரை ஒவ்வொருவராக நினைத்துக் கைகூப்பியபடி, அது திருப்பத்தில் ஒழுங்காகத் திரும்பி மறையும்வரை சாலையோரத்திலேயே நின்றார்.