நலங்குப் பாட்டு குழாயில் போன கதை

1. கிளியனூர்

பந்தியில் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தென்னை மரத்தில் நான் கட்டிய ஸ்பீக்கர் குழாயில் திடீரென்று ஒரு பெண் குரல் பாடியது. நான் ரெக்கார்டே போடவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு மைக் செட் கடையில் நான் ஆப்பரேட்டர். கிளியனூர்க் கல்யாணத்தில் தாலி கட்டும்போது மணவறையில் வைத்த மைக்கை ஆஃப் பண்ணாமல் சாப்பிடப் போய்விட்டேன். பெண்கள் அங்கேயே நலங்குக்கு உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். தங்களுக்குள் பாடிக்கொள்கிற பாட்டு ஊருக்கே கேட்டது.

“முறுக்கி விட்ட மீசைக்கு மூணு படி எண்ணெயாம்
மூட்டை ஒண்ணு தூக்கச் சொன்னா முதுகெல்லாம் நோவுதாம்!”

மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பெரிய மீசை. தெருவே சிரித்தது. அவர் எச்சில் கையோடு எழுந்து, “எவ அவ பாடுனது?” என்று கத்தினார்.

உள்ளே ஓடி மைக்கை அணைத்தேன். பாடியவள் தனம், மணப்பெண்ணின் அக்கா, விழுப்புரம் பக்கம் காணையில் வாழ்க்கைப்பட்டவள். இருபது வயது இருக்கும். வாத்தியம் கிடையாது, அந்த இடத்திலேயே கட்டிய பாட்டு. ஆனால் குரலில் ஒரு பிசிறு இல்லை. ஆயிரம் ரெக்கார்டு போட்டுத் தேய்த்தவன் நான். அப்படி ஒரு குரலை நேரில் கேட்டதில்லை.

அதற்குள் அவள் மாமியார் வந்துவிட்டார். “ஊரே சிரிக்குது. இனிமே நீ எந்த ஊட்டுலயும் வாயத் தொறக்கக் கூடாது!”

“தப்பு என்னுதுங்க, ஸ்விட்சை அணைக்க மறந்துட்டேன்” என்றேன். மீசைக்காரர் கொஞ்சம் தணிந்தார். மாமியார் தணியவில்லை. தனம் தலை குனிந்து அழுதாள். என் கவனக்குறைவால் ஒரு நல்ல பாட்டுக்காரியின் வாயை அடைத்துவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

2. காணை

இரண்டு மாதம் கழித்து விழுப்புரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் முதலாளியிடம் வந்து, கிளியனூரில் பாடிய பெண்தான் எங்கள் வீட்டு நலங்குக்குப் பாட வேண்டும் என்று கேட்டார்கள்.

“ஜல்தி போய்க் கேட்டுக்கினு வாய்யா” என்று முதலாளி என்னை அனுப்பினார்.

காணையில் மாமியார் வாசலில் கேப்பை உலர்த்திக்கொண்டிருந்தார். “இன்னா, மறுபடியும் பேஜாரு பண்ண வந்தியா?”

“இல்லீங்கம்மா. வெத்தல பாக்கு குடுத்துப் பாடக் கூப்புட்றாங்க.”

கேப்பையைக் கையால் கிளறிவிட்டார். “அன்னிக்கு நீ திருட்டுத்தனமா ஊருக்குக் கேக்க வெச்ச. கூப்ட்டு உக்கார வெச்சா அது மரியாத” என்றவர், உள்ளே பார்த்து, “இன்னாடி சொல்ற?” என்றார்.

தனம் கதவருகே வந்தாள். “பாட்றேன் அத்தே. ஆனா நான் சொன்னப்புறந்தான் அண்ணன் மைக்கப் போடணும்.”

இளைய ஆப்பரேட்டர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். நல்ல குரல் காதில் விழுந்தால் முதலில் அந்த ஆளைக் கேளுங்கள். ஸ்விட்செல்லாம் அப்புறம்.

விழுப்புரத்தில் கையை ஸ்விட்சில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தனம் தொண்டையைச் செருமிக்கொண்டு தலையாட்டினாள். போட்டேன்.

“நான் காணை தனம். பாட்டெல்லாம் நானே கட்டுனது.”

இரண்டு அடி பாடியிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் என் பக்கம் திரும்பினார்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா வெய்யி தம்பி. தெருக்கோடியில இருக்கறவங்களுக்குக் கேக்க வேணாமா?”