ஒன்றுகூடலுக்குப் போன ஜெனறேற்றர்

வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ் வேலையெண்டா, வெயில் காலத்தில உங்களை ஒருத்தரும் திரும்பியும் பாக்காயினம், குளிர் வந்தவுடன அதே ஆக்கள் ஃபோனில பிடிச்சு உலுப்புவினம். இந்த வேலையில கிடந்து மாயிறவைக்கு நான் சொல்லத் தேவையில்லை, இனி வரப்போற பாவப்பட்ட சீவன்களுக்காகத்தான் எழுதுறன். நான் கொலிஜ்ஜில உதைத்தான் படிக்கிறன். சனி ஞாயிறில சுதா அக்காவோட வானில போறனான். லைசென்ஸ் அவவிட்டை, வாய் என்னட்டை.

போன குளிருக்கு ஐஸ் மழை அடிச்சு நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில பாதிக்குக் கரண்ட் போச்சு. அண்டைக்கு நாங்கள் ஓடுப்பட்டுத் திரிஞ்சது முழுக்க வோபர்ன் பக்கத்தில ஒரேயொரு வீட்டுக்காக. பிறந்து ரெண்டு கிழமையும் ஆகாத பிள்ளை அங்கை. தகப்பன் லொறி ஓடுறவர், தள்ளியிருக்கிற பிறம்ரனில மாட்டுப்பட்டுப்போய் நிக்கிறார். வீட்டுக்குள்ள மூச்சு விட்டாப் புகை வருது. பொழுதுபட முதல் ஃபர்னஸ் ஓடவேணும்.

தீப்பெட்டி

கதவைத் திறந்தது சாந்தி அன்ரி. பிள்ளையின்ர தாய் கீர்த்தனாவுக்கு அக்கா. கையில தீப்பெட்டியோட நிக்கிறா. "காஸ் வருதுதானே, ஒருக்காப் பத்தவைச்சு விடுங்கோ" எண்டா. எனக்கு வாய் சும்மா இருக்குமோ? அதிலேயே நிண்டு வகுப்பெடுத்தன். காஸ் வந்தாலும் பத்தவைக்கிறதுக்குக் கரண்ட் வேணும், சூட்டை ஊதித் தள்ளுற ஃபானுக்குக் கரண்ட் வேணும், எல்லாத்தையும் மேய்க்கிற போர்டுக்கும் கரண்ட் வேணும், தீப்பெட்டியோட கிட்டப் போனா ஃபர்னஸ் மட்டுமில்லை, வீடே மிஞ்சாது எண்டன்.

அன்ரி முழுக்கக் கேட்டா. கேட்டு முடிச்சுப்போட்டுச் சொன்னா, "அப்ப உதுக்குக் காஸ் ஃபர்னஸ் எண்டு பேர் வைச்ச விசரன் ஆர்?"

மாடிப்படியில ஒரு சண்டை

சரி, தாயையும் பிள்ளையையும் கரண்ட் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுபோங்கோவன் எண்டன். ஏலாது எண்டா அன்ரி. எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியாமப் பிள்ளையை வெளியில கொண்டுபோகக் கூடாதெண்டு நிக்கினமாக்கும் எண்டு நானே முடிவுகட்டீற்றன். "துடக்கு துடக்கெண்டு பச்சைக் குழந்தையை விறைக்க விடப்போறியளோ? நீங்கள் எந்தக் காலத்தில இருக்கிறியள்?" எண்டு மாடிப்படியில நிண்டே கத்தினன். சுதா அக்கா என்ர ஜக்கெற்றைப் பின்னால பிடிச்சு இழுத்தவ. நான் நிப்பாட்டேல்லை.

அன்ரி போய் வாசல் கதவைத் திறந்து காட்டினா. படி முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். நாங்களே கம்பியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் ஏறி வந்தனாங்கள். முறிஞ்ச மரம் ஒண்டு கார் விடுற டிரைவ்வேக்குக் குறுக்கால கிடக்கு. "துடக்குமில்லை மண்ணாங்கட்டியுமில்லை. அவளுக்கு வயித்தை வெட்டி எடுத்த பிள்ளை, தையல் இன்னும் ஆறேல்லை. எங்கை, நீர் அவளைத் தூக்கிக்கொண்டு உதில இறங்கும் பாப்பம்."

இரவல்

ஜெனறேற்றரில ஃபர்னஸை ஓட்டுறதுக்கு அந்த வீட்டில சுவிட்ச் இருக்கு. கோடையில நாங்கள்தான் பூட்டிக் குடுத்தது. தட்டினா ஃபர்னஸ் வீட்டுக் கரண்டை விட்டுக் கழண்டு ஜெனறேற்றரோட மட்டும் சேரும். அருமையான சுவிட்ச். ஆனா ஜெனறேற்றர் இல்லை. அது பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு, மைக் செற்றுக்கெண்டு இரவல் போனது. போனது அப்பிடியே அஜின்கோர்ட்டில, ஒன்றுகூடலை நடத்தின சிவம் அங்கிளின்ர கராஜ்ஜில குடியேறீற்றுது. ஒன்றுகூடலுக்குப் போன சாமான் உங்கட வீட்டுக்கு எப்பவாவது திரும்பி வந்திருக்கோ? எங்கட வீட்டில ரெண்டு சமையல் கிடாரம் போனது, இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறம்.

போய்ப் பாத்தா, அங்கிள் அதில தன்ர முழு வீட்டையும் ஓட்டுறார். ரெண்டு தலைப்பிலயும் ஊசியுள்ள பிளக்கைப் பூட்டித் தானே ஒரு வயர் செய்து, ஒரு தலைப்பை ஜெனறேற்றரிலயும் மற்றதைச் சுவர் ஓட்டையிலயும் குத்தியிருக்கிறார். நான் சன்னதம் ஆடினன். "அங்கிள், உந்தக் கரண்ட் பின்பக்கத்தால றோட்டு லைனுக்குப் போகும். கம்பத்தில ஏறி நிண்டு வேலை செய்யிறவன் செத்துப்போவான்!" அவர் சிரிக்கிறார். சண்டைக் காலத்தில ஊரில உப்பிடித்தான் ஓட்டினவராம், ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லையாம். "அங்கை லைனிலயும் கரண்ட் இல்லை, கம்பத்திலயும் ஆளில்லை அங்கிள். ஆருக்கு என்ன நடக்கிறது?" எண்டன். சுதா அக்கா அப்பதான் வாயைத் திறந்து, வோபர்னில கைக்குழந்தை விறைக்குது எண்டா.

பிறகு நான் கத்தத் தேவைப்படேல்லை. ஜெனறேற்றரை நிப்பாட்டினார், அந்த வயரைக் குறட்டால ரெண்டா வெட்டி எறிஞ்சார், ஜக்கெற்றைப் போட்டார், நானும் வாறன் எண்டு வானில ஏறினார். அவற்ற வீடு இருண்டுபோய் நிக்குது. ஃபிரீசர் நிறைய மீன் இருக்கெண்டு பின்னால மனுசி கூப்பிட்டுச் சொல்லுறா. "தூக்கி வெளியில வை. இண்டைக்கு முழு ஸ்காபரோவும் ஃபிரீசர்தானே" எண்டார் அங்கிள்.

பேஸ்மென்ற் பிரபு

ஜெனறேற்றர் விடுற புகை ஆளைக் கொல்லும், மணமும் வராது. அதால அதை வீட்டுக்குள்ளயும் வைக்கேலாது, கராஜ்ஜுக்குள்ளயும் வைக்கேலாது. யன்னலுகளுக்கு எட்டத்தில, வளவின்ர அந்தத் தொங்கலில வைச்சு, நீள வயரை வீட்டுக்குக் கீழ இருக்கிற பேஸ்மென்ற் யன்னலால உள்ள விட்டம். அங்கை வாடகைக்கு இருக்கிறது பிரபு, கோயம்புத்தூர்ப் பெடியன். அவன்ர கட்டிலுக்குப் பக்கத்திலதான் ஃபர்னஸ். வயர் போற இடைவெளியால பனிக்காத்து வராம அவன் தலகாணியை வைச்சு அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்.

சுவிட்சைத் தட்டினம். ஃபர்னஸ் பத்திச்சு. ஒரு மூச்சு விட முதல் அணைஞ்சுது. திரும்பப் பத்திச்சு, திரும்ப அணைஞ்சுது. நெருப்பைப் பாக்கிற கம்பியில ஊத்தை எண்டு நான் அடிச்சுச் சொன்னன். கழட்டித் தேச்சு மினுக்கியும் பூட்டினன். அதே கூத்துத்தான். "கத்தி முடிஞ்சுதோ?" எண்டு கேட்டுப்போட்டு, சுதா அக்கா ஒரு பிளக்குக்குள்ள ரெண்டு முனையைக் கட்டையான கம்பியால இணைச்சு, ஜெனறேற்றரில சும்மா கிடந்த மற்ற ஓட்டையில கொண்டுபோய்க் குத்தினா. விசயம் இதுதான். உந்தச் சின்ன ஜெனறேற்றரில ஒரு வயரை எர்த் எண்டுற நிலக் கம்பியோட சேத்துவிடாட்டி, நெருப்பு எரிஞ்சாலும் ஃபர்னஸுக்கு அது தெரியாது. நெருப்பில்லை எண்டு நினைச்சுக் காஸை மூடிப்போடும். இந்த முறை பத்திச்சுது, நிண்டு எரிஞ்சுது. ஃபான் உறுமிக்கொண்டு வெளிக்கிட்டுது.

சூடு வருதோ எண்டு பிரபுவைக் கேட்டன். அவன் தலகாணியை விடாம மேல பாத்தான். "ஏங்க, ஹீட் போற பைப் எல்லாம் என் தலைக்கு மேலதான் போகுது, எனக்குன்னு ஒரு ஓட்டைகூட விடல. பரவால்லங்க, பாப்பா ரூமுக்குப் போகட்டும், நான் புடிச்சுக்கறேன்."

தேத்தண்ணி

மேல வீடு கொஞ்சம் கொஞ்சமா இளகுது, நாங்களும் கையுறையைக் கழட்டீற்றம். திடீரெண்டு ஃபான் நிண்டுபோச்சு. நான் வெளியில ஓடினன். ஜெனறேற்றர் மூச்சு வாங்கி நிண்டுபோய்க் கிடக்கு. பக்கத்தில சாந்தி அன்ரி. ஜெனறேற்றரில இருந்து இன்னொரு நீள வயர் குசினிக்குப் போகுது. வயரின்ர மற்றத் தொங்கலில கரண்டில தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில். வயரே இல்லாத பிளக் ஒண்டு சும்மா குத்திக் கிடந்துதாம், கழட்டிப்போட்டுக் கேத்திலைக் குத்தினாவாம். சுதா அக்கா செய்த அந்தப் பிளக்! அதோட, ஃபர்னஸையும் கேத்திலையும் ஒண்டா இழுக்கிற அளவுக்கு ஜெனறேற்றருக்குச் சீவனில்லை.

நான் வாயில இருந்த எல்லாத்தையும் கொட்டினன். அன்ரி அசையேல்லை. முழங்கால் வரைக்கும் பனிக்குள்ள நிண்டு ஜெனறேற்றருக்குக் காவல் இருக்கிற சிவம் அங்கிளைக் கையால காட்டினா. "அந்த மனுசன் தன்ர வீட்டை இருட்டில விட்டுட்டு வந்து நிக்குது. ஒரு தேத்தண்ணி குடுக்காம நான் எப்பிடி உள்ளுக்குச் சூடு காயிறது, பிள்ளை?"

கீர்த்தனா

ஃபர்னஸின்ர வயரைக் கழட்டி, ஜெனறேற்றரைத் திரும்ப ஓடவிட்டு, அந்த ஓட்டையில கேத்திலைக் குத்தினம், கொதிச்சவுடன எல்லாத்தையும் ஃபிளாஸ்க்கில ஊத்திப்போட்டு, பிளக்கையும் ஃபர்னஸையும் திரும்பப் பூட்டினம். ரெண்டும் ஒண்டா ஓடாது, மாறி மாறி ஓடும் எண்டு சொன்ன சுதா அக்காவுக்கு முதல் கோப்பை, அடுத்தது சிவம் அங்கிளுக்கு. பிரபுவின்ர கோப்பையை நான்தான் கீழ கொண்டுபோனன். அப்பிடியே அவன்ர அறைக்கும் சூடு வர ஒரு ஓட்டை வைக்கவேணும் எண்டு அன்ரியோட அடுத்த சண்டையையும் தொடங்கி வைச்சன். பொழுதும் படத் தொடங்கீற்றுது.

மேல போய்ப் பாத்தன். காலமையில இருந்து பிள்ளையைத் தன்ர ஜக்கெற்றுக்குள்ள வைச்சு மூடிக்கொண்டிருந்த கீர்த்தனா அப்பதான் சிப்பைக் கீழ இழுக்கிறா. பிள்ளை வெளிய வந்து கையை நீட்டிச் சோம்பல் முறிச்சுது. "தூக்குறீரோ?" எண்டு கேட்டா. என்ர கை ஐஸ் அக்கா எண்டு பின்னுக்குப் போனன். "அந்தக் கதவடி ஓட்டையில கையைக் காட்டிச் சூடாக்கிக்கொண்டு வாரும். பிள்ளை எங்கயும் போகாது."

எங்கட சனத்தின்ர கையில ஒரு ஜெனறேற்றரைக் குடுக்க எனக்கு இப்பவும் பயம், ஒரு பச்சைக் குழந்தையைக் குடுக்கச் சொட்டும் பயமில்லை.