புயல் வலுவிழந்த மறுநாள்

டிவியில் மழை எச்சரிக்கை வாசிக்கும்போது கடலூர், விழுப்புரம், மயிலாடுதுறை என்று தொடங்கி, மூச்சு வாங்குகிற இடத்தில் 'அரியலூர், பெரம்பலூர்' என்று எங்களையும் சேர்த்துவிடுவார்கள். எப்போதும் கடைசியில்தான், எப்போதும் ஜோடியாகத்தான். பெரம்பலூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் அந்த இடம் வந்ததும் ஒரு சிரிப்பு எழும்.

"கடலு எங்கருக்கு, நாம எங்கருக்கோம்? குரும்பலூர் ஏரியில அலையடிக்கப் போவுதாக்கும்" என்பார் தினமும் அங்கே வரும் வெங்காய வியாபாரி ஒருவர். "எல்லாம் வெளம்பரம் ஓட்டறதுக்குங்க. பயமுறுத்துனாத்தானே சேனல மாத்தாம பாப்பாங்க."

நான் விடமாட்டேன். தனியார் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்கப் பெற்றோர்களிடம் வாதாடிப் பழகிய வாய். "முன்கூட்டியே சொல்றதுல என்னங்க தப்பு? வந்தா தப்பிச்சிக்கலாம், வரலன்னா சந்தோஷப்பட்டுக்கலாம்" என்று பிடித்துக்கொள்வேன். டீ ஆறிப்போகும் வரை பேசுவேன். தோற்று எழுந்து வந்த நினைவே இல்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஊரைப் பற்றிய கவலை கிடையாது. என் கவலையெல்லாம் அக்காதான். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில், நாங்கள் பிறந்த அதே வீட்டில் தனியாக இருந்தாள். மாமா இறந்து வெகுநாளாயிற்று. மகன் திருப்பூரில் ஒரே அறையில் ஐந்து பேரோடு தங்கிப் பனியன் கம்பெனிக்குப் போகிறவன். மண்சுவர், ஓட்டுக்கூரை, பின்பக்கம் ஐந்து ஆடுகள். காற்று கொஞ்சம் வேகமாக அடிப்பதாகச் செய்தி வந்தாலே அந்தச் சுவர்தான் என் கண்முன் வந்து நிற்கும்.

முதல் தடவை போனில் கெஞ்சி வரவழைத்தேன். பக்கத்து வீட்டில் ஆடுகளை ஒப்படைத்துவிட்டு, ஒரு பையோடு வந்து இறங்கினாள். நான்கு நாள் டிவி முன்னால் உட்கார வைத்தோம். புயல் மனம் மாறி ஆந்திரா பக்கம் போய்விட்டது. பெரம்பலூரில் தூறல்கூட இல்லை. இரண்டாவது தடவையும் அதே கதைதான். ஆனால் அந்தமுறை அவள் இங்கே இருந்த நாட்களில் சினையாடு ஒன்று குட்டியோடு செத்துப்போயிற்று. "நான் இருந்திருந்தா கை குடுத்து எடுத்துருப்பன்டா" என்று போனில் சொன்னவள், அதன்பின் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அதனால் நானும் வற்புறுத்திப் பேசவில்லை.

மூன்றாவது தடவை போனையே எடுக்கவில்லை. லீவு போட்டுவிட்டு ஜெயங்கொண்டம் பஸ் பிடித்து நானே போய் நின்றேன். முந்திரித் தோப்பு ஓரமாகத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"இதான் கடேசி. இதும் வரல, ஒன் டிவியத் தூக்கி ஏரியில போட்டுருவன், ஆமா."

வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்ததை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? மழை வலுக்க வலுக்க, 'பார்த்தாயா' என்று அக்காவைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்கரையில் ஒரு பெண் நிருபர், குடை பின்பக்கமாக மடங்கிப்போக, இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நம்மளல்லாம் வெளிய வராதீங்கன்னுட்டு அது தண்ணியில நிக்கிதே, அதுக்கு ஆயி அப்பன் கெடையாதா? யாராச்சும் கைய புடிச்சி இழுத்துட்டு வாங்களண்டா" என்றாள். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மூன்று நாளும் வீடு கலகலப்பாக இருந்தது.

நான்காம் நாள் காலை மழை விட்டது. பத்து மணிக்கெல்லாம் நல்ல வெயில். 'புயல் முற்றிலும் வலுவிழந்தது' என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். சுழன்றுகொண்டிருந்த சிவப்புப் படத்தை எடுத்துவிட்டு, ஒரு நடிகரின் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க அண்ணி, எல்லாம் காயட்டும்" என்றாள் மனைவி.

"ஆடு என்னா பாடுபடுதோ" என்று அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இருக்கச் சொன்னால் இருந்திருப்பாள் என்றுதான் இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.

நான் சொன்னேன்: "அதான் முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டானே. தைரியமாப் போயிட்டு வாக்கா."

பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் ஜன்னல் ஓர சீட் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு பழமும் ஒரு பன்னும் வாங்கிக் கொடுத்தேன். நல்ல தம்பியாக நடந்துகொண்ட நிறைவோடு ஆபீசுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து போன் வந்தது. அக்கா பின்பக்கச் சுவர் நிழலில் குந்தி ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சுவர் மொத்தமாக அவள்மேல் சரிந்துவிட்டது. மண்ணை வாரித் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மேகமே இல்லாத வானம், உடம்பைச் சுடுகிற வெயில்.

மண்சுவர் கொட்டுகிற மழையில் நின்றுவிடும். ஊறியது காயத் தொடங்கும்போதுதான் விரிந்து விழும். இது எனக்குத் தெரியாததல்ல. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெருமழை விட்ட பிறகு நான்கைந்து நாள் அப்பா எங்களை வீட்டுக்குள் விடவே மாட்டார். பள்ளிக்கூட வராந்தாவில்தான் படுக்கை, சமையல் எல்லாம். வெயில் அடிக்கிறதே என்று அடம்பிடித்த எனக்கு அவரிடம் அறை விழுந்திருக்கிறது. அப்படி அறை வாங்கித் தெரிந்துகொண்டதை, திரையில் மூன்று சொல் ஓடியதும் மறந்துவிட்டேன்.

விவரம் எழுதிக்கொள்ள வந்த அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். என்றைக்கு விழுந்தது, எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுச் சற்றுத் தயங்கினார். "அன்னிக்கு மழையே இல்லீங்களே சார். புயல்ல இறந்தவங்க கணக்குல இது வராதுங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று மழை இல்லைதான். அந்த வாரக் கடைசியில் ஒரு சேனலில் எங்கள் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து உயிரிழப்பு இல்லை என்றார்கள். அன்றைக்கும் ஜோடியாகத்தான் சொன்னார்கள்.

இப்போதும் புயல் வருகிறது, டிவியில் கத்துகிறார்கள், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். மிகைப்படுத்துகிறார்களா, எச்சரிக்கிறார்களா என்று நான் யாரோடும் வாதாடுவதில்லை. வருவதற்கு முன்னால் ஐந்து நாள் கத்துகிறார்கள். போன பிறகு ஒரு நாள்கூட நிற்பதில்லை. நின்று சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். எனக்குப் பிடித்ததெல்லாம் புயல் வருகிற செய்திதான்.

காரியம் முடிந்த மறுநாள், ஆடுகளைப் பக்கத்து வீட்டு அம்மாவிடமே வைத்துக்கொள்ளச் சொல்லப் போனேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"வந்து எறங்கன அன்னிக்கே நான் சொன்னனுங்க. செவுரு ஊறிக் கெடக்குது, நாலு நாளைக்கு எங்க வூட்டுலயே இரு, ஆட்டயும் இங்கயே கட்டிக்கன்னு. கேக்கல. 'அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, எந்தம்பி விசாரிச்சிட்டுத்தான் அனுப்பிருக்கான்'னு சொல்லிட்டுப் போயிருச்சிங்க."

அக்கா ஒருநாளும் டிவியை நம்பியதில்லை. என்னைத்தான் நம்பினாள்.